மருந்துச் சீட்டில் முதலாளியின் கையொப்பம்!

வயிற்றுக்காக வேலை தேடுவோரைக் கண்டிருக்கிறோம். வாடகைக்காகவும், வட்டிக்காகவும், வளரும் பிள்ளையின் படிப்புக்காகவும் வேலை தேடி அலைவோரைக் கண்டிருக்கிறோம். மருந்துக்காக வேலை தேடுவோரைக் கண்டதுண்டா, தோழா? நோய் தீர்ந்தபின் வேலைக்குப் போவது உலக வழக்கம். நோய் தீர வேண்டுமானால் முதலில் வேலைக்குப் போ என்பது ஒரு நாட்டின் வழக்கம். அந்த நாடு ஏழை நாடன்று. பஞ்சம் படையெடுத்த பாலைநிலமன்று. வானை முட்டும் மாளிகைகளும், வையத்தையே விலை பேசும் வங்கிகளும், திங்களிலே கால் பதித்த திறமையும் கொண்ட அமெரிக்க நாடு!

அந்நாட்டின் கதையை இந்த ஞாயிற்றுக்கிழமையிலே நமது ஏட்டில் எழுதுவானேன் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. நம்மிடையே ஒரு கூட்டம் உலவுகிறது. "அரசுக்கு எதற்கு ஐயா மருத்துவமனை நடத்தும் வேலை? ஆளுக்கொரு காப்பீட்டு அட்டையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளட்டும். மற்றதைத் தனியார் பார்த்துக்கொள்வார்கள். அமெரிக்காவைப் பாருங்கள்!" என்று அந்தக் கூட்டம் ஓதுகிறது. பார்க்கச் சொல்கிறார்கள், பார்ப்போம். அவர்கள் காட்டுவது மருத்துவமனையின் பளிங்குத் தரையை. நாம் காண வேண்டியது அந்தத் தரையை மிதிக்க வழியின்றி வாயிலிலே நிற்கும் நோயாளியை!

உடல் நோயைக்கூட விட்டுவிடு. மனநோயை எடுத்துக்கொள். ஓர் இளைஞனை மனச்சோர்வு பற்றிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். இரவிலே உறக்கமில்லை, பகலிலே ஊக்கமில்லை. கை வலுவாக இருக்கிறது, கால் வலுவாக இருக்கிறது, ஆனால் காலையிலே படுக்கையைவிட்டு எழுவதே மலையேறுவதுபோல் இருக்கிறது. அவனுக்கு என்ன நேர்கிறது? நாடகம் எழுதிப் பழகிய கை இது, நாடகமாகவே காட்டுகிறேன்.

முதற் காட்சி: மருத்துவர் அறை.

மருத்துவர்: உன் மனம் களைத்துப்போயிருக்கிறது. வேலைச் சுமையைக் குறைத்துக்கொள். வாரம் ஒருமுறை வந்து மனம்விட்டுப் பேசு. தேறிவிடுவாய்.

இளைஞன்: கட்டணம் எவ்வளவு, டாக்டர்?

மருத்துவர்: ஒருமுறை வந்து பேச நூறு டாலர், நூற்றைம்பது டாலர், இடத்தைப் பொறுத்து இருநூறும் ஆகும். காப்பீடு இருக்கிறதா?

இரண்டாம் காட்சி: வேலை தரும் அலுவலகம்.

இளைஞன்: அரைநாள் வேலை கொடுங்கள், ஐயா. முழுநாள் வேலை செய்ய இப்போது என்னால் இயலாது.

அதிகாரி: அரைநாள் வேலை இருக்கிறது. ஆனால் அதற்குக் காப்பீடு கிடையாது.

இளைஞன்: காப்பீட்டுக்காகத்தானே வேலையே கேட்கிறேன்!

அதிகாரி: அப்படியானால் முழுநாள் வேலை செய், தம்பி.

இளைஞன்: முழுநாள் வேலை செய்யும் நிலையிலே நான் இருந்தால், எனக்கு மருத்துவர் எதற்கு?

அதிகாரி: அதற்கு நான் என்ன செய்வது? அடுத்தவரை வரச்சொல்!

மூன்றாவது காட்சி இல்லை, தோழா. திரும்பவும் முதற் காட்சிதான். மருந்து இருந்தால் வேலை செய்யலாம். வேலை செய்தால்தான் மருந்து. சுற்றிச் சுற்றி வருகிறான் இளைஞன், செக்கிலே பூட்டிய மாட்டைப்போல. மாட்டுக்காவது மாலையிலே கட்டவிழ்ப்பார்கள்!

இட்டுக்கட்டிய கதையோ என்று ஐயுறாதே. சட்டம் என்ன சொல்கிறது, கேள். 2010-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவச் சட்டம், ஐம்பது முழுநேரத் தொழிலாளரோ அதற்கு ஈடான எண்ணிக்கையோ கொண்ட நிறுவனங்கள், வாரத்துக்குச் சராசரி 30 மணி நேரம் உழைப்போருக்குக் காப்பீடு அளிக்க முன்வர வேண்டும், இல்லையேல் தண்டம் செலுத்த வேண்டும் என்றது. அச்சட்டம் கோடிக்கணக்கானோருக்குக் காப்பீடு தந்தது. அதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் முதலாளிகளிலே சிலர் என்ன செய்தார்கள்? முப்பது மணியா எல்லை? இந்தா 29 மணி நேர வேலை என்று நேரத்தைக் கத்தரித்தார்கள்! அறுபது நிமிடத்தைக் குறைத்தார்கள். ஓர் உயிரின் காப்பு அறுந்தது. முப்பது மணி உழைப்பவனுக்கு வரும் நோய், இருபத்தொன்பது மணி உழைப்பவனுக்கு வராது போலும்!

வேலை போனால் காப்பீடும் போகும். போகாமலிருக்க ஒரு சட்டம் உண்டு, 1986-இல் கையெழுத்தானது. வேலை இழந்தவர் பழைய நிறுவனத்தின் காப்பீட்டிலேயே பெரும்பாலும் 18 திங்கள்வரை நீடிக்கலாம். எப்படி? அதுவரை முதலாளி கட்டி வந்த பங்கையும் தானே சேர்த்துக் கட்டி, அதற்குமேல் நிர்வாகச் செலவும் கொடுத்து, நூற்றுக்கு 102 பங்குவரை! சம்பளம் நின்ற நாளிலே செலவு பன்மடங்கு. அந்தச் சட்டத்தின் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் 'கோப்ரா' என்று வருகிறது. நாகப்பாம்பு! பெயர் வைத்தவர்களின் உண்மை பேசும் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த முடிச்சு எப்படி விழுந்தது? மேதைகள் கூடி ஆய்ந்து வகுத்த திட்டமன்று இது, போர்க்காலத்து விபத்து. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், விலைவாசி ஏறாதிருக்க ஊதியத்துக்கு உச்சவரம்பு கட்டினார்கள். ஆள் கிடைக்கவில்லை, ஊதியத்தை உயர்த்தவும் வழியில்லை. ஊதியமென்று கணக்கில் வராத மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆட்களை இழுத்தார்கள். முதலாளி அதற்காகச் செலுத்தும் தொகைக்குத் தொழிலாளியிடம் வரி இல்லை என்பதை 1954-ஆம் ஆண்டு வரிச் சட்டம் நிலைநிறுத்தியது. போர் முடிந்தது; பீரங்கி ஓய்ந்தது; முடிச்சு மட்டும் அவிழவில்லை!

அவிழ்க்க முயன்றவர் இல்லாமலில்லை. 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன், நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவான மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பினார். எதிர்த்து எழுந்தோர் யார்? மருத்துவர்களின் சங்கம்! "சமதர்ம மருத்துவம் வருகிறது" என்று பூச்சாண்டி காட்டினார்கள். 1948-இன் இறுதியில், உறுப்பினருக்கு 25 டாலர் வீதம் வசூலித்து, விளம்பர வித்தகர்களை அமர்த்தி, அந்தத் திட்டத்தைச் சாய்த்தார்கள்.

அந்த 1948-ஐ நினைவிலே நிறுத்து, தோழா. அதே ஆண்டு சூலைத் திங்கள் 5-ஆம் நாள், போரிலே பொசுங்கி, கடனிலே மூழ்கி, உணவுப் பங்கீட்டிலே காலந்தள்ளிய பிரிட்டனில், பதின்மூன்று வயதிலே பள்ளியைவிட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிய ஒரு தொழிலாளி, அனூரின் பெவன், நலத்துறை அமைச்சராக அமர்ந்து நாட்டு மக்கள் அனைவருக்கும் பொது மருத்துவத்தைத் திறந்துவைத்தார். நீ எங்கே வேலை செய்கிறாய், எத்தனை மணி வேலை செய்கிறாய் என்று அந்த வாயிலிலே யாரும் கேட்கவில்லை. ஒட்டாண்டி நாடு தந்தது. உலகச் சீமான் மறுத்தான்! பணம் இல்லாததா காரணம்? மனம் இல்லாததே காரணம்! இன்றும் அமெரிக்கா தன் நாட்டு உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 17 பங்குக்குமேல் மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. அவ்வளவு கொட்டியும், 2023-இல் ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் பேருக்கு எந்தக் காப்பீடும் இல்லை.

சரி, காப்பீடு இருந்துவிட்டால் மனநோயாளிக்கு விடிவு உண்டா? 1955-இல் அமெரிக்க மாநில மனநல விடுதிகளிலே ஐந்தரை இலட்சம் பேருக்குமேல் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களை மீட்டு, ஊர்தோறும் மனநல நிலையம் அமைக்க 1963 அக்டோபர் 31-இல் அதிபர் கென்னடி சட்டத்திலே கையெழுத்திட்டார். அவருடைய உடன்பிறந்த ரோஸ்மேரியே மூளை அறுவையினால் வாழ்விழந்தவர். வலி அறிந்து எழுதிய கையெழுத்து அது. விடுதிகள் காலியாயின. நிலையங்களோ, எண்ணியதில் ஏறத்தாழப் பாதிதான் எழுந்தன. வெளியே வந்தவர்களிலே பலர் வீதிக்குப் போனார்கள். வீதியிலிருந்து சிறைக்குப் போனார்கள்.

உடல் நோய்க்கும் மனநோய்க்கும் காப்பீட்டிலே வேறுபாடு காட்டாதே என்று 1996-இல் ஒரு சட்டம், 2008-இல் அதனினும் வலுவான ஒரு சட்டம். ஏட்டிலே சமத்துவம் வந்தது. நாட்டிலே? 2023 மே திங்களில் அமெரிக்க மேலவைக் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். முதியோருக்கான காப்பீட்டுத் திட்டங்கள் வெளியிட்ட பட்டியல்களிலிருந்து 120 மனநல மருத்துவர் எண்களை எடுத்து, நோயாளிக்கு நேரம் கேட்டு அழைத்தார்கள். நூற்றுக்கு 18 அழைப்புகளுக்குத்தான் நேரம் கிடைத்தது! தவறான எண், ஆளில்லாத இடம், புதியவரை ஏற்கமாட்டோம் என்ற பதில். இத்தகைய பட்டியலுக்கு அங்கே 'பேய்ப் பட்டியல்' என்றே பெயர். பேய் இல்லை, பிசாசு இல்லை என்று ஊர் ஊராகப் பேசி வந்தவர்கள் நாம். ஒப்புக்கொள்வோம் தோழா, பேய் உண்டு. அது காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலிலே குடியிருக்கிறது!

அந்த இருளிலும் விளக்கேற்றியோர் உண்டு. 1965 முதல் எழுந்த சமூக நல நிலையங்கள், வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைத்து வாங்குகின்றன. பல்கலைக்கழகங்களின் பயிற்சி நிலையங்களிலே, பேராசிரியர் மேற்பார்வையில், மாணவர்கள் குறைந்த கட்டணத்துக்கு உளச் சிகிச்சை அளிக்கிறார்கள். ஒரு பெரிய காப்பி நிறுவனம் 1988 முதல் வாரம் 20 மணி நேரம் உழைப்போருக்கும் காப்பீடு தருகிறது. 1997 ஆகஸ்டில், பொதி சுமந்து வீடுவீடாகச் சேர்க்கும் ஒரு நிறுவனத்தின் 1,85,000 தொழிலாளர்கள், பகுதிநேர வேலை என்ற பெயரால் நடக்கும் சுரண்டலை எதிர்த்துப் பதினைந்து நாள் வேலைநிறுத்தம் செய்து, பத்தாயிரம் முழுநேர வேலைகளை உருவாக்கும் உறுதியைப் பெற்றார்கள். வாழ்க அவர்கள் ஒற்றுமை! ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள். முதலாளி மனமுவந்து தந்ததை முதலாளி மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். சலுகை என்பது கைம்மாற்று. உரிமை என்பதே சொத்து.

எடுத்துக்கொள்ளும் காலமும் வந்திருக்கிறது. ஏழைகளுக்கென 1965-இல் ஏற்பட்ட அரசு மருத்துவ உதவித் திட்டத்திலே, 'வேலை செய்ததற்குச் சான்று காட்டு' என்று 2018-இல் அர்கன்சா மாநிலம் விதி போட்டது. சில திங்களிலேயே ஏறத்தாழ 18,000 பேர் உதவியை இழந்தார்கள். 2019-இல் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. தோற்ற அந்த விதியை நாடெங்கும் விரிக்க 2025 சூலை 4-இல் சட்டம் கையெழுத்தாயிற்று. அச்சட்டத்தின்படி, அந்தத் திட்டத்தின் விரிவினால் உதவி பெறும் வயது வந்தோர், மாதத்துக்கு 80 மணி நேரம் உழைத்ததாகவோ, பயின்றதாகவோ, தொண்டாற்றியதாகவோ காட்ட வேண்டும். கடும் மனநோயாளிக்கு விலக்கு உண்டு என்கிறார்கள். உண்டு, அதற்கும் சான்று வேண்டும், படிவம் வேண்டும், கெடுவுக்குள் சேர்ப்பித்தல் வேண்டும். படுக்கையைவிட்டு எழ இயலாதவனிடம் படிவம் நிரப்பு என்கிறது சட்டம்! அந்த நாள், நம் கண்ணாலே கண்டாயா, அந்நாட்டின் விடுதலை நாள்!

"அமெரிக்காவின் பாடு அமெரிக்காவோடு, நமக்கென்ன?" என்று கேட்போர் உண்டு. நமக்கென்னவா? நம் வீட்டுக் கதவைப் பார்.

1948 என்றேனே, அதே ஆண்டில்தான் இங்கே தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம், ஈ.எஸ்.ஐ. என்று நாம் சொல்லும் சட்டம், பிறந்தது. நல்ல சட்டம். அமெரிக்காவிலே காண அரிதான ஒன்று அதிலே உண்டு: பகுதிநேரத் தொழிலாளி என்பதற்காக அது எவரையும் விலக்குவதில்லை. ஆனால் சம்பள வரம்பு என்ற சுவர் உண்டு. 2017-இல் அது 21,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. அதற்குமேல் உயர்ந்தால், சந்தாப் பருவம் முடிந்ததும் வெளியே! சம்பள உயர்வு வந்த மகிழ்ச்சியிலே இனிப்பு வாங்கியவன், மருந்துக்குக் கடன் வாங்குகிறான். வீட்டு வேலை செய்யும் தாய்மாருக்கு அந்தச் சட்டம் எட்டுவதில்லை. தோளிலே பையும் கையிலே பேசியுமாக, வெயிலிலும் மழையிலும் சோறு சுமந்து ஓடும் இளைஞருக்கோ, "நீ தொழிலாளியே அல்ல, பங்காளி" என்று பட்டம்! லாபத்திலே பங்கில்லாத பங்காளி! அவர்களுக்கென 2023-இல் தமிழ்நாட்டிலே நல வாரியம் அறிவிக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அவர்களைப் பெயர் சொல்லி ஏற்றது. பெயர் சொன்னால் போதாது. நோய் வந்த நாளிலே கதவு திறக்க வேண்டும்.

மனநோய்க்கு இங்கே காப்பீடு என்ன செய்கிறது? 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உடல் நோய்க்குப்போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று கட்டளையிட்டது. 2018-இல் அது நடைமுறைக்கு வந்தது. வந்தும், மனநோய்ச் சிகிச்சைக்குப் பணம் தரமாட்டோம் என்று ஒரு நிறுவனம் மறுக்க, பாதிக்கப்பட்ட பெண்மணி டெல்லி உயர்நீதிமன்றம்வரை சென்று 2021-இல் வென்றார். நோயோடு போராடியவர், நீதிமன்றத்திலும் போராட வேண்டியதாயிற்று! அதுவும் மருத்துவமனையில் படுத்தால்தான். பெரும்பாலான காப்பீட்டு அட்டைகள் கட்டிலுக்குப் பணம் தரும், நாற்காலிக்குத் தாரா. மனநோயாளிகளிலே பெரும்பாலோருக்கு வேண்டுவது கட்டிலா? வாரந்தோறும் எதிரிலே அமர்ந்து செவிமடுக்கும் ஒருவரின் நாற்காலியும், தவறாது கிடைக்கும் மாத்திரையுமல்லவா? அட்டையை மட்டும் நம்பு என்பவர்கள் இதற்கு விடை சொல்லட்டும்!

விடை சொல்லாவிட்டால் என்ன நேரும்? 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியலிலே ஏர்வாடியிலே நேர்ந்ததை மறந்திருக்கமாட்டாய். கொட்டகையிலே தீ. ஓட முடியவில்லை, காலிலே சங்கிலி. 28 மனித உயிர்கள், கட்டிய இடத்திலேயே கரிந்தன. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களா? அல்லர். அருகிலே மருத்துவரில்லாத, கையிலே காசில்லாத, அக்கம்பக்கத்தாரின் ஏளனத்துக்கு அஞ்சிய ஏழை வீட்டார். மருத்துவம் எட்டாத இடத்திலே மந்திரம் எட்டிப் பிடித்தது. இங்கே இரும்புச் சங்கிலி. அங்கே சம்பளச் சங்கிலி. இரண்டும் கட்டுவது ஒரே நோயாளியைத்தான்!

தேவை சிறிதென்று எண்ணாதே. பெங்களூர் நிம்ஹான்சு நிறுவனம், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களிலே 2015-16-இல் நடத்திய ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் ஏதேனும் ஒரு மனநலக் குறையால் வாடுவதாகக் கண்டது. நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர்வரை சிகிச்சை பெறாமலே இருப்பதையும் கண்டது. சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனை 1794-இல் தோன்றிய தொன்மை உடையது. 1994-இல் தோன்றிய மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை வாங்கிச் சேர்த்து, பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றும் வழி காட்டியது. வழி தெரியாதவர்கள் அல்லர் நாம். வழியைப் பாதியிலே நிறுத்தாமல் இருக்க வேண்டியவர்கள்.

ஆகவே கேட்போம், உரத்த குரலிலே கேட்போம்! ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், வாரத்திலே குறித்த நாளிலேனும், மனநல ஆலோசகர் அமரட்டும். மனநோய் மாத்திரை ஒருநாளும் தீர்ந்துபோகாதிருக்கட்டும். விட்டு விட்டு உண்டால் நோய் திரும்பும். ஈ.எஸ்.ஐ.யின் சம்பளச் சுவர் இடிக்கப்படட்டும். வீட்டு வேலைக்காரருக்கும், சோறு சுமப்போருக்கும் அதன் வாயில் திறக்கட்டும். காப்பீடு கட்டிலுக்கு மட்டுமன்றி நாற்காலிக்கும் பணம் தரட்டும். நோயிலிருந்து தேறி வருபவருக்கு அரைநாள் வேலை, அதற்குரிய கூலி, குறையாத மருத்துவம் என்பது சட்டமாகட்டும். அட்டை கூடாதென்பதல்ல நம் வாதம். அட்டை, மருத்துவமனைக்குத் துணையாக வரட்டும். மருத்துவமனையைத் துரத்திவிட்டு வரவேண்டா!

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். 1948-இல் பிரிட்டன் எங்கே போயிற்று என்று திருப்பிக் கேள்.

கேட்பது மட்டுமன்று, செய்யவும் வேண்டும். உன் தெருவிலே யாரேனும் ஒருவர் பல நாளாக வெளியே வரவில்லையா? "கொழுப்பு" என்று பேசுவோரோடு சேர்ந்து நகைக்காதே. "கழிப்பு" என்று கோழி அறுக்கப் போவோரைத் தடுத்து நிறுத்து. அவர் கையைப் பிடித்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போ. சீட்டு எழுதுமிடத்திலே உடன் நில். 14416 என்ற எண்ணிலே 2022 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' உதவிக்குக் கட்டணமில்லை என்பதைச் சொல். கட்சிப் படிப்பகத்தின் சுவரிலே அந்த எண்ணை எழுதிவை. தேர்தலிலே வாக்குச் சீட்டு கொடுக்க ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டத் தெரிந்த தொண்டனுக்கு, துயரிலே இருக்கும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டத் தெரியாதா?

மருத்துவரிடம் செல்பவனைப் பார்த்து, 'உனக்கு எங்கே வலிக்கிறது?' என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும். 'நீ எங்கே வேலை பார்க்கிறாய்?' என்பது முதற் கேள்வியாகிவிட்ட நாட்டைக் காட்டி, அதுவே முன்னேற்றம் என்கிறார்கள். அந்தக் கேள்வி நம் ஊர் மருத்துவமனை வாயிலை எட்டாதபடி காப்பது நம் கடமை.